பேரியந்திரத்தின் குரல் சோமலதா

கொழும்புக்குப் பக்கத்து நுகேகொடையில் சோமலதாவின் குரலுக்குத் தனி அந்தஸ்து உண்டு. விகாரைக்குத் தானம் கொடுத்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் அவர்தான் வாசிப்பார். கொடுக்காதவர்கள் அந்தக் குரலைக் கேட்டதுமே ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஆகவே கார்ட்டூன் படம் செய்யும் மகள் ருவந்தி, தன் புதுப்படத்தில் முந்நூறு வருடங்களுக்குப் பின் உலகத்தை ஆட்டிவைக்கப்போகும் பேரியந்திரத்துக்குக் குரல் தேடி வெளியே அலையவில்லை.

படுக்கையறைச் சுவரில் மெத்தைகளைச் சாத்திவிட்டு, அம்மாவின் முன்னால் மைக்கை வைத்தாள். சோமலதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்து, தேவைக்கு மேற்பட்ட கம்பீரத்துடன் வாசித்தார்.

"குடிமக்களே! இருபத்தெட்டு வயசாகியும் கலியாணம் முடிக்காதவை உடனே சரணடையவும்! எங்கட பரம்பரையிலேயே இப்பிடி ஒருத்தரும் இல்லை! அந்த எஞ்சினியர் பொடியனுக்கு என்ன குறை? மூக்கு மட்டும்தானே கொஞ்சம் பெரிசு..."

குரல் அங்கே நின்றது. அந்த மூக்கைப் போன புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்து, கொக்கிஸ் பலகாரம் கொடுத்து உட்காரவைத்ததே சோமலதாதான்.

"மகள், இது நான் சொன்னதல்லோ?"

"யந்திரம் பேசிறது எல்லாமே நீங்க சொன்னதுதான், அம்மா."

சோமலதா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். ஒரு கொடுங்கோலாட்சி முழுவதும் அவருடைய சாப்பாட்டு மேசைப் பேச்சிலேயே நடந்துகொண்டிருந்தது. மகள் அடுத்த படத்தைக் காட்டினாள். யந்திரத்துக்குத் தப்பி இரண்டு பெண்கள் கைகோத்தபடி ஓடினார்கள். ஒருத்திக்கு ருவந்தியின் சுருள்முடி. மற்றவளுக்குக் கன்னத்தில் குழி.

"இது உதேஷிகாவல்லோ? சனிக்கிழமையில இஞ்ச சாப்பிட வாற பிள்ளை?"

"ஓம்."

"சிநேகிதி எண்டாய்!"

"சிநேகிதி மட்டும் இல்லை, அம்மா. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா வாழப்போறம். சொல்ல வாய் வரேல்லை, அதுதான் படமாச் செய்தன்." ருவந்தியின் குரல் இறங்கியது. "இனி அவளை வரவேண்டாம் எண்டு சொல்லுவீங்களோ?"

சோமலதா தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தும் குடிக்கவில்லை. டம்ளரால் திரையைச் சுட்டினார்.

"கடைசியில இந்த யந்திரத்துக்கு என்ன நடக்குது?"

"வயரைப் புடுங்க, செத்துப்போகும்."

"ஆர் புடுங்கிறது?"

ருவந்தி தயங்கினாள். "உதேஷிகா."

இவ்வளவையும் தாங்கிய சோமலதாவுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ர பிஞ்சுப் பலாக்காய்ப் பொலொஸ் கறியை மூண்டு தரம் கேட்டு வாங்கித் திண்டுபோட்டு, என்ர வயரையே புடுங்கிறாளோ! மாத்தடி அதை! நீயே புடுங்கு, நீ நான் பெத்தது, புடுங்குவாய். அவள் புடுங்கினா, வாற சனிக்கிழமை அவளுக்கு நான் எந்த முகத்தோட சோறு போடுறது?"