ஐந்து நீர் மாத்திரைகள்

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை 11:20. கைபேசி நாற்பது டிகிரி என்றது, காற்றே இல்லை. லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி, தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதத்துடன் காவல் நிலையத்தின் ஏழு படிகளை ஏறினேன். எனக்கு எழுபத்தாறு வயது. நான்காவது படியில் நின்றுவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.

உள்ளே லாக்கப்பில் என் மனைவியின் தம்பி. அறுபத்திரண்டு வயது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீருக்கான சண்டையில் கீழ்வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளியதில் அவருக்குக் கை முறிந்துவிட்டது. சனிக்கிழமை மாலை இவனைப் பிடித்து வந்தார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு நீதிமன்றம். அதுவரை அந்த அறையில் அவன் சுருண்டு விழாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. ஐந்து பேருக்கு ஒரு ஜன்னல். மின்விசிறியும் ஒன்றுதான், அதுவும் கம்பிக்கு வெளியே, காவலரின் மேசைக்கு மேல்.

அவனுக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினம் காலை ஒரு நீர் மாத்திரை. சனிக்கிழமையே பத்து மாத்திரை அட்டையைக் காவலரிடம் கொடுத்து, வங்க மொழியில் "ஜோலேர் டேப்லெட், காலையில் ஒன்று" என்று சொல்லியிருந்தேன். ஜோல் என்றால் தண்ணீர். நீர் மாத்திரையை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டேன். ஐம்பத்தோரு வருடமாக இந்த ஊரில் வங்க மொழி பேசுகிறேன்.

மச்சினன் கம்பியருகே வந்தான்.

"வந்துட்டேளா அத்திம்பேர்? இங்க கக்கூஸுக்கு டோக்கன் குடுக்கணும். காலம்பரலேர்ந்து அஞ்சு பேரும் மாத்தி மாத்திப் போயிண்டிருக்கோம்."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்தான். இவாளுக்கெல்லாம் என்ன வந்துதோ!"

மேசையிலிருந்த அட்டையை எடுத்து எண்ணினேன். ஒன்பது இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

காவலர் ஐம்பதை நெருங்கிய மனிதர், கழுத்தில் ஈரத்துண்டு. என்னை மேசோமஷாய், பெரியப்பா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். "மேசோமஷாய், உங்க தண்ணி மாத்திரைய ஆளுக்கொண்ணு குடுத்துட்டேன். இவருக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க பாவமில்லையா? தண்ணி ஜாரும் காலி. இந்த வெயிலுக்கு மாத்திரையாவது தாங்கட்டும்னுதான்."

"அது உடம்புக்குத் தண்ணி குடுக்கற மாத்திரை இல்லை. இருக்கற தண்ணிய வெளியே தள்ளற மாத்திரை."

முதலில் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தார்.

வெளியே சொன்னால் இவர் வேலை போகலாம். என் மச்சினனின் மூன்று மணியும் தள்ளிப்போகலாம். ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடாதா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பின்சுவரோரம் கிடந்தவனைக் கவனித்தேன். சூதாடியதற்காகப் பிடித்துவந்த வண்டியிழுப்பவன், எலும்பும் தோலுமாக இருந்தான். மற்ற நால்வரும் எழுந்து நடந்தார்கள், அவன் எழவில்லை. உதடு வெளுத்திருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

அதிகாரியின் அறைக்கு நானே போய் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "யார் குடுத்தது?" என்று கத்தினார்.

"தப்பாச் சொன்னது நான்," என்றேன்.

"ஏன், உங்களுக்குப் பெங்காலி தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சிண்டிருந்தேன்."

வண்டியிழுப்பவனை மின்விசிறிக்கு அடியில் கொண்டுவந்து கிடத்தி, ஈரத்துணியால் போர்த்தி, போலீஸ் வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நான் எதிர்ச்சாரிக்கும் லாக்கப்புக்குமாக மூன்று தடவை நடந்தேன். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ்., தள்ளுவண்டி வியாபாரியிடம் இளநீர். மற்ற நால்வரையும் அரை மணிக்கு ஒரு தரம் குடிக்க வைத்துக் கணக்கு வைத்தேன். மச்சினன் கம்பிக்குள்ளிருந்து, "உங்க பெங்காலியப் பத்தி அக்கா அப்பவே சொன்னா," என்றான். எனக்குக் கோபப்படத் தெம்பில்லை.

2:35க்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நரம்பு வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றிய பிறகு அவன் கண் திறந்து தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். காவலர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஈரத்துண்டால் மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மச்சினனுக்கு ஜாமீன் கிடைத்தது. மறுநாள் வண்டியிழுப்பவனும் நடந்து வீட்டுக்குப் போனதாகக் காவலர் போன் செய்தார். அதற்குப் பிறகே நான் சட்டைப்பையிலிருந்து செலவுச் சீட்டை எடுத்தேன். ஓ.ஆர்.எஸ். பன்னிரண்டு பொட்டலம், இளநீர் ஆறு, ஆட்டோ நான்கு: எழுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.