மச்சானின் காரும் ஒரு கறுப்பு ஒயரும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் மச்சானும் செங்கம் ரோட்டில் சேர்ந்து கடை வைத்து, வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்த்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நாங்கள் வேலை முடித்து அனுப்பிய சுற்றுலா வேன் ஒன்று மறுநாளே தீப்பிடித்து, டேஷ்போர்டு முழுக்கக் கருகியது. அடிக்கடி போய்க்கொண்டிருந்த ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தது மச்சான்தான். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. வேன்காரர் வந்து கத்தியபோது மச்சான் நிதானமாக என்னைக் கைகாட்டினார்.

"இவன் பண்ண வேலைங்க."

வேன்காரர் தெருவே பார்க்க என்னை அறைந்தார். அதன்பிறகு ஊரில் யாரும் என்னை நம்பி வண்டி விடவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் போய் டிராக்டர்களுக்கு விளக்கு மாட்டினேன். பழைய சர்வீஸ் புத்தகங்கள் எங்கே கிடைத்தாலும் வாங்கிவந்து, அதிலிருந்த ஒயரிங் படங்களைப் படித்தேன். தொழில் மேல் இருந்த ஆசையால் அல்ல. மச்சானால் முடியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோடுகள் மேல் விரலை ஓட்டும்போதெல்லாம் அவர் கைகாட்டியது ஞாபகம் வரும்.

பல வருடம் கழித்து மச்சான் கார் வாங்கினார். ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் நடுங்கும், இன்டிகேட்டர் போட்டால் ஹாரன் முனகும், சில சமயம் இன்ஜினே நின்றுவிடும். அவராலும் முடியவில்லை, ஊரில் யாராலும் முடியவில்லை. அண்ணனுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகப் பாருங்கள் என்று என் மனைவி கெஞ்சினாள். அவரே வரட்டும், அந்த வேன்காரரையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்றேன்.

இருவரும் வந்தார்கள். கார் என் கடை வாசலுக்கு வந்ததும் நின்றுபோனது. அந்தக் காரின் ஒயரிங் படத்தைப் பானெட் மேல் விரித்தேன். கோளாறு செய்த எல்லாவற்றின் கறுப்பு ஒயர்களும், அதாவது எர்த் ஒயர்கள், பாடியில் ஒரே நட்டில் போய்ச் சேர்ந்தன. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். நட்டு துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது; எர்த் கிடைக்காமல் ஒன்றின் கரண்ட் இன்னொன்றின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குக் காட்டாமல் கால்மிதியைப் போட்டு மூடினேன்.

"அன்னிக்கு கம்பி வச்சது யாருன்னு அவர்கிட்ட சொல்லுங்க மச்சான்."

மச்சான் தரையைப் பார்த்தபடி, தான்தான் என்று சொன்னார். சொன்னால் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வேன்காரர் சிரித்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும்பா. கருகின கம்பிய பாத்தேனே. அவரு எனக்கு வேண்டியவரு. உன்ன அடிச்சா கேக்க யாரு இருந்தா?"

படத்தை மடித்தேன்.

"என்னால ஆகலீங்க. ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டு போங்க."

வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் தள்ளினார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். என் மனைவி வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

மச்சான் அந்தக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கிய வேங்கிக்கால்காரர் என்னிடம் கொண்டுவந்தார். துருவைச் சுரண்டி நட்டை இறுக்கியதும் எல்லாம் சரியானது. திரும்பும்போது செங்கம் ரோடு வழியாகப் போகச் சொன்னேன். மச்சான் கடை எது என்று அடையாளமும் சொன்னேன்.

"அங்க மட்டும் ஹாரன் கொஞ்சம் ஜாஸ்தியா அடிங்க."

அடித்ததாகப் போன் செய்து சொன்னார்.