இல்லை என்று சொல்லாதவனும் ஆமாம் என்று சொல்லாதவனும்

"தை முதல் நாள். இன்று முதல், யார் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை."

என் கையெழுத்துதான். போன வாரம் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பழைய ரயில்வே கால அட்டவணைக்குள்ளிருந்து இந்தத் தாள் விழுந்தது. தேதியை எழுதியவன் ஆண்டை விட்டுவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களை நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிது என்பதால், எழுபதுகளின் கடைசியாக இருக்கலாம்.

தாளில் இன்னும் லேசாக மெஷின் எண்ணெய் வாடை. எனக்கு அந்த வாடையின் பின்னாலேயே காய்ந்த இறால் வாடையும் வந்துவிடும். என் அறைத்தோழன் காதரின் பை எப்போதும் அப்படித்தான் இருக்கும். பழவேற்காட்டுக்காரன், எங்கள் தொழிற்சாலையிலேயே ஸ்டோரில் வேலை. அவன் வாப்பா, யாரோ அவசரப்படுத்தியதால் நின்ற இடத்திலேயே ஒரு படகு இறாலை வாங்கி, வியாபாரத்தையே இழந்தவர். அவர் இறந்தபின் உம்மா சித்தப்பா வீட்டில் ஒண்டியிருந்தார். ஒரு வீடு பார்த்து உம்மாவை அழைத்துக்கொள்ள வேண்டும், காதருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் வேண்டும். கொள்கையும் ஒன்றுதான்: எதற்கும் அன்றைக்கே பதில் சொல்வதில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் "நாளைக்குச் சொல்றேன்" என்பான்.

என் கொள்கையோ முன்னேற்ற நூல்களைப் படித்து வந்தது. மறுக்காதவனை வாய்ப்பு தேடி வருமாம். என்னைத் தேடி வந்தது ஓர் ஆர்மோனியம். வேலையை விட்டுப் போன ஒருவர் "வாங்கிக்கிறியா?" என்றார். வாங்கிக்கொண்டேன். வாசிக்கத் தெரியாது.

வீட்டுக்கார ராஜம்மா தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா நைனா இது! ஒருத்தன் இல்லேன்னே சொல்ல மாட்டான், ஒருத்தன் ஆமான்னே சொல்ல மாட்டான். உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கினு ஒரே பேஜாரு!"

ஒருநாள் மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஓசூர்ல புது யூனிட். ஸ்டோருக்கு இன்சார்ஜ் வேணும். குவார்ட்டர்ஸ் உண்டு. போறியா?"

"போறேன் சார்."

சாயங்காலம் அறையில் காதர் இல்லை. உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருப்பதாக ராஜம்மா சொன்னார். மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் பையோடு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"உம்மா சரின்னுட்டாங்கடா! முதல்ல ஒரே அழுகை. அப்புறம் ஓசூர்ல குளிருமாமேன்னு கம்பளி தேட ஆரம்பிச்சிட்டாங்க."

"எந்த ஓசூர்?" என்று கேட்டேன். உலகத்தில் பத்து ஓசூர் இருப்பதுபோல.

முந்தின நாள் காலையிலேயே மேனேஜர் அவனைத்தான் கேட்டிருக்கிறார். வழக்கம்போல நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். மதியத்துக்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். காதரின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"நான் வேணாம்னு சொல்லிடறேன்டா" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

சொன்னபடி மறுநாள் சொன்னான். "நீயே போ. நீ வேணாம்னாலும் அந்தாளு இனி என்னைக் கூப்பிட மாட்டான், வெளி ஆளைத்தான் போடுவான். ஒண்ணு மட்டும் செய். இனிமே யாராவது உன்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டா, எனக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்கன்னு கேளு."

ஓய்வு பெறும்வரை கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் எரிச்சலில் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். பலமுறை, முதலில் கேட்கப்பட்டவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அவரிடமே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். நான் கடைசிவரை விடாமல் வைத்திருந்த கொள்கை இது ஒன்றுதான். எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

ராஜம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் மூன்று மாடிக் கட்டடம். தொழிற்சாலையின் வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். நான் ஓசூர் போன மறு வருடமே காதர் பொன்னேரியில் வீடு பிடித்து உம்மாவை அழைத்துக்கொண்டான் என்று பழைய சகா ஒருவர் சொன்னார். வீடு அமைந்தது உண்மை, ஆனால் அதற்குள் உம்மா போய்விட்டார் என்கிறார் இன்னொருவர். காதரோடு தொடர்பு விட்டுப்போனதால், எது சரி என்று இன்றுவரை எனக்கு உறுதிப்படவில்லை.