கத்தக் கற்றுக்கொடுப்பவள்

"தறியை நிறுத்த வேணாம், ஓடட்டும்" என்று சீனுவுக்குக் கையால் காட்டிவிட்டு, இந்திராணி அவன் பெண்டாட்டி தரணியைத் தறிக்கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். நான்கு பவர்லூம்களும் தடதடத்துக்கொண்டிருந்தன. இந்திராணி வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்று, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டாள். நிறைமாத வயிற்றோடு தரணி வாயைத் திறந்தாள். தெருவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இந்திராணி உதட்டைப் பிதுக்கினாள்.

"காத்துதான் வருது. வயித்துலேந்து கத்து. எனுக்கு இங்க கேக்கணும்."

தரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்திராணிக்கு வரவில்லை.

ஆந்திரப் பக்கம் நகரிக்குத் தெற்கே இருக்கும் இந்த நெசவுக் காலனிக்கு இந்திராணிதான் ஆஷா என்கிற அரசாங்கச் சுகாதாரப் பணியாளர். மாசமான பெண்களைத் தேடிப் பிடித்து அட்டை போடுவதும், இரும்புச் சத்து மாத்திரையைக் கண் முன்னால் விழுங்க வைப்பதும், நோவு கண்டதும் ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் போவதும் அவள் வேலை. கத்தக் கற்றுக்கொடுக்கும்படி எந்த மீட்டிங்கிலும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதை அவளாகவே சேர்த்துக்கொண்டாள். எட்டாம் மாசம் பிறந்தால் போதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிடுவாள். மாமியார்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆண்கள் கேலி செய்வார்கள். அவள் அசரமாட்டாள்.

காலனிக்காரர்களுக்குப் பேச்சு என்பதே உதடுதான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் போய்க் கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள்; எதிரே இருப்பவர் படித்துக்கொள்வார். நூல் அறுந்தது, சோறு வெந்தது, மாமன் வந்திருக்கிறார் எல்லாமே உதட்டில் போய் உதட்டில் வரும். இங்கே பிறந்த குழந்தை, அழுது பயனில்லை என்பதைத் தவழும் முன்பே கற்றுவிடுகிறது. அம்மா திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் அழுவதில்லை, போய்ச் சேலையைப் பிடித்து இழுக்கிறது.

இந்திராணியும் ஆஷா ஆகும்வரை தறியில் நின்றவள்தான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். புதிதாக வந்த மெடிக்கல் ஆபீசர் ஒருவர் தன் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, மீட்டிங் முடியும்வரை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். வீட்டில் சீரியல் பார்க்கும்போது டிவி சத்தத்தை முழுக்க அணைத்துவிடுவாள். "சத்தம் வெச்சா இன்னா சொல்றாங்கன்னே புரியல" என்பாள்.

பிரீத்தி விஷயம் நடந்திராவிட்டால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகவே இருந்திருக்கும்.

பிரீத்தி இதே காலனியில் தறி வீட்டில் பிறந்து, இதே காலனியில் இன்னொரு தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். காலையில் நோவு கண்டதும் பி.எச்.சி.க்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் ஏறியிருக்கிறது, இங்கே பார்க்க முடியாது என்று ஏரியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அறுக்கிற டாக்டர் இருந்தார், மயக்க ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவருக்கு அன்றைக்கு வேறு ஊரில் டியூட்டியாம். ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழிக்க ஒருவரும், வலி மறக்கடிக்க ஒருவரும் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் இருப்பது இந்தப் பக்கத்தில் நாள் நட்சத்திரம் கூடி வந்தால்தான் நடக்கும். சரி, திருப்பதிக்குப் போ என்றார்கள்.

ஆம்புலன்ஸில் மாமியார் மருமகளின் தலையைக் கோதிக்கொண்டே வந்தாள். "போற எடத்துல கத்திக் கித்தி மானத்த வாங்காத கண்ணு. பல்லக் கடிச்சிக்கினு இரு." பிரீத்திக்கு அந்தப் புத்திமதியே தேவைப்படவில்லை.

திருப்பதியில் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பெஞ்செல்லாம் பெண்கள், பெஞ்சுக்குக் கீழே தரையெல்லாம் பெண்கள். அத்தனை பேருக்கும் ஒரே நர்ஸ். அவள் கண்ணால் பார்த்து முடிகிற கூட்டமா அது? காதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் அலறல் பெரிதாகக் கேட்டதோ அங்கே போய் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அவளைத் திட்டுவதற்கு இந்திராணிக்கே இன்றுவரை மனசு வரவில்லை. "அவளுக்கும் ரெண்டு கைதான கீது" என்பாள்.

பிரீத்தி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த இந்திராணியைப் பார்த்து உதட்டை அசைத்தாள். 'அக்கா, தாங்கல. உள்ள அசையவே இல்ல.' இந்திராணி ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நெற்றி வேர்த்திருந்தாலும் வாய் மூடியிருந்தது. "நொப்புலு ஒஸ்தே அருவதா அம்மா? சல்லகா கூர்ச்சுந்தி கதா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த அலறலை நோக்கிப் போனாள். வலி வந்தவள் கத்தமாட்டாளா, இவள் சாவகாசமாகத்தானே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவள் கணக்கு. மறுபடி போய்ச் சொன்னபோதும் அதே பதில்தான்.

கடைசியில் பிரீத்தி பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண் குழந்தை. எடுக்கும்போதே உயிர் இல்லை. "இத்தனை வலியை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லையே, முன்னாலேயே சொல்லக் கூடாதா" என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார்.  இந்திராணி பதில் சொன்னாள், ஆனால் உதடுதான் அசைந்தது.

ஊருக்குத் திரும்பியபின் துக்கம் கேட்க வந்த பெண்கள் சொன்னதுதான் அவளுக்கு அதைவிடக் கசந்தது. "இன்னா பொறும பாரு. கடைசி வரைக்கும் ஒரு சத்தம் போடலியாம்." பாராட்டு. செத்த பிள்ளைக்குப் பதிலாகப் பிரீத்திக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவள் இப்போது பழையபடி தறியில் நிற்கிறாள். யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பாடம். பாடத்தில் நுணுக்கங்களும் உண்டு. "அம்மான்னு கத்தாத. எல்லாந்தான் அம்மான்னு கத்துது, எவ திரும்பிப் பாக்கறா? 'சச்சிபோத்துன்னா சிஸ்டர்'னு தெலுங்குல கத்து. சாவறேன்னா கொஞ்சம் பயப்படுவாங்க." தரணியின் மாமியார் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா வயித்துப் புள்ளக்காரி வாயில இன்னா பேச்சு வர வெக்கிற ஆஷாம்மா?"

"பேச்சுதான அத்த. வந்தா வந்துட்டுப் போவுது" என்றாள் இந்திராணி.

தரணிக்கு நோவு கண்டதும் ஒரு காலை வேளையில்தான். பி.எச்.சி.யில் பிள்ளை குறுக்கே இருக்கிறது என்றார்கள். ஏரியா ஆஸ்பத்திரியில் இந்த முறை மயக்க டாக்டர் இருந்தார், அறுக்கிற டாக்டர் லீவு. திருப்பதிக்குப் போகும் வழியெல்லாம் இந்திராணி தரணியின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது இறுக மூடியிருந்தது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண்தானா?

அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்சு. நர்ஸ் மட்டும் வேறு. பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்து, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் எழுந்துகொள்ள முயன்ற அந்த நேரத்தில்தான் தரணி வாயைத் திறந்தாள்.

"சச்சிபோத்துன்னா சிஸ்டர்."

நான்கு தறிகளைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கும்படி பழகிய குரல் அது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நர்ஸ் ஓடிவந்து வயிற்றில் கை வைத்தாள், முகம் மாறியது. "முந்து ஈவிட" என்று ஸ்ட்ரெச்சரைத் திருப்பினாள். முதலில் இவள். தரணி ஏறிப் படுத்தாள். பாதி எழுந்த அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்கள். சீனு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போனில் ஊரையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். "உன்னாலதான்க்கா" என்று, வெளியே வந்த இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். இந்திராணிக்கும் கண் கலங்கியது. மனசு இத்தனை லேசாகி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே, விட்டு வந்த பையை எடுக்க உள்ளே போனாள்.

அந்த மெலிந்த பெண் அதே இடத்தில் இருந்தாள்.

இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாரித்தாள். ராமகுப்பத்துக்காரி, பட்டுப்பூச்சி வளர்க்கிற வீடு, மூன்று ஆஸ்பத்திரி மாறி வந்தவள். புருஷன் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அதற்குள் வேறு இரண்டு பேர் கத்திவிட்டு உள்ளே போய்விட்டார்கள். முந்தானை இன்னும் வாயிலேயே இருந்தது.

"நொப்புலு உன்னாயா?" நோவு இருக்கிறதா என்று கேட்டாள். அவள் தலையசைத்தாள்.

"அப்ப கெட்டிகா அருவம்மா. கத்து."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்தரு சூஸ்தாரு" என்றாள். எல்லோரும் பார்ப்பார்களாம். சொல்லும்போதே கண் செருகியது. நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில், வேறொரு அலறலுக்குக் குனிந்திருந்தாள்.

சொல்லிக்கொடுக்க எட்டாம் மாசமும் இல்லை, தறிக்கூடமும் இல்லை. இந்திராணி அவள் வாயிலிருந்த முந்தானையை உருவினாள். பிறகு ஜாக்கெட்டுக் கைக்குக் கீழே, வெளிறிப்போயிருந்த அந்தக் கைச் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நகம் இறங்கும்வரை கிள்ளித் திருகினாள்.