றொசான் தேடிய கடுதாசி

றொசான் எனக்கு மருமகன், என் தங்கச்சி புஷ்பவதியின் ஒரே பிள்ளை. குருநகரில் பிறந்தவன். ஏழு வயதில் கனடாவில் மொன்றியலுக்கு வந்து, இப்போது நாற்பத்துநான்கு வயதில் பியர்பொன்ட்ஸ் தெருக்களில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறான். கோடை வந்தால் அதே லொறியில் மண் ஏற்றுவான். அதிகம் கதைக்க மாட்டான். கோபம் வந்தால் இன்னும் குறைவாகக் கதைப்பான். இந்த ஒரு வருஷமாக அவன் என்னோடு கதைத்தது மிகக் குறைவு.

அவன் தகப்பன் அந்தோனி எண்பத்தாறாம் ஆண்டு கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தோனியின் தமையன் பத்திநாதர் கப்பலில் வேலை செய்தவர். அதற்குப் பத்து வருஷம் முன்னரே மொன்றியலில் இறங்கி, கத்தரின் என்ற நேர்சைக் கலியாணம் முடித்திருந்தார். கத்தரின் அயர்லாந்தில் மேயோ என்ற இடத்தில் பிறந்தவர். பூசைக்கு ஒருநாளும் தவறாத மனுஷி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எண்பத்தெட்டில் தங்கச்சி றொசானை அவர்களிடம் அனுப்பி வைத்தாள். பின்னால் தானும் வருவதாகத்தான் இருந்தது.

எங்களுக்குள் பெரியப்பாவும் பெரியம்மாவும் தகப்பனும் தாயும்தான். அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. இரண்டு மாதத்தில் றொசான் கத்தரினை அம்மா என்றும், தங்கச்சியை ஊர் அம்மா என்றும் சொல்லப் பழகிவிட்டான். பள்ளிக்கூடப் படிவம், டொக்டரின் படிவம் எல்லாவற்றிலும் தாய் என்ற இடத்தில் கத்தரினின் கையெழுத்துத்தான் இருந்தது.

றொசான் மட்டக்களப்புப் பெண் ஜெயமதியைக் கட்டினான். அவர்களுக்கு ஒரே மகள், ஷெறின். பத்தொன்பது வயது. அந்தப் பிள்ளை ஐஸ் மேல் ஓடுகிறவள். ஹொக்கி விளையாடுகிற அளவு ஐஸில் நாலைந்து பேர் ஒன்றாகக் குனிந்து, வளைவில் ஒரு கையை ஐஸில் முட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிற ஓட்டம். கத்தரின் உயிரோடு இருந்தபோது அவளுக்குக் கத்தி பூட்டிய முதல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அவருக்கே ஐஸில் நிற்கத் தெரியாது. "எங்கட ஊரில மழைதான், குணம். ஐஸ் எங்க கிடந்தது?" என்று தன் உடைந்த தமிழில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். குருநகரில் மட்டும் கிடந்ததா என்ன?

பன்னிரண்டு வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு றொசான்தான் மகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறவன். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் இந்த மாகாணத்தில் வீட்டுக்கு ஒரு கெட்டிக்காரி இருக்கிறாள். ஷெறின் கியூபெக்கிலேயே முப்பத்தோராவது. கனடாவின் உடுப்பைப் போடுவதென்றால் இன்னும் முப்பது பேர் கால் முறிந்து கிடக்க வேண்டும்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு போட்டியில் அயர்லாந்துப் பயிற்சியாளர் ஒருத்தி வந்திருந்தாள். அவர்களுடைய வீரர்கள் சிலர் ஐஸ் தேடி இங்கேதான் வந்து பழகுகிறார்கள். பெயர்ப் பட்டியலில் ஷெறின் கத்தரின் அந்தோனி என்று கண்டுவிட்டு, "கத்தரின் யார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ர அப்பம்மா. மேயோவில பிறந்தவ" என்று பிள்ளை சொல்லியிருக்கிறது.

அவ்வளவுதான். அப்பம்மா அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் பேத்திக்கு அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுக்கலாமாம். கடவுச்சீட்டு இருந்தால் ஐப்பசியில் மொன்றியலில் நடக்கும் சர்வதேசப் போட்டியில் அயர்லாந்துக்காக ஓடலாமாம். கியூபெக்கில் முப்பத்தோராவதாக நின்றவள் அங்கே முதல் இரண்டு பேருக்குள் வந்துவிடுவாள்.

அன்று பின்னேரமே றொசான் என் வீட்டுக்கு வந்தான். கையில் கேக்.

"மாமா, அம்மா செத்தும் பிள்ளைக்கு வழி காட்டுறா."

"ஆர், கத்தரினோ?"

"வேற ஆர்?"

நான் கேக்கை வெட்டிச் சாப்பிட்டேன்.

றொசான் படிவத்தை நிரப்பினான். தன் தாய் என்ற இடத்தில் கத்தரின் என்று எழுதினான். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் புஷ்பவதி என்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று ஜெயமதி தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்தாள்: எங்கள் வழக்கப்படி தகப்பனின் தமையன் மனைவியும் தாய்தான், இவரை வளர்த்தது அவர்தான் என்று. நாலு மாதம் பொறுத்து அயர்லாந்திலிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் வழக்கம் விளங்குகிறது, கத்தரின் அம்மையார் உங்களைச் சட்டப்படி தத்தெடுத்த உத்தரவை அனுப்புங்கள், அது போதும் என்று எழுதியிருந்தார்கள்.

றொசான் சந்தோஷமாகவே வந்தான். "ஒரு கடுதாசிதானே மாமா. பெரியப்பா எங்கயாவது வைச்சிருப்பார். உங்களுக்குத் தெரியுமோ?"

"தேடிப் பாப்பம்" என்றேன்.

அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவன் பத்திநாதருடைய பழைய பெட்டிகளைக் கிண்டினான். கலியாணக் கடுதாசி, கப்பல் சம்பளத் துண்டு, கத்தரினின் செபமாலை எல்லாம் வந்தன. லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்தில் போய் வரிசையில் நின்றான். ஒரு யன்னலில் பிரெஞ்சில் கேட்டார்கள், அடுத்த யன்னலில் வேறு படிவம் கொடுத்தார்கள், மூன்றாவது யன்னலில் பூட்டிவிட்டார்கள். மறுநாளும் போனான். அவர்கள் தேடிவிட்டு, அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்றார்கள். "வடிவாத் தேடுறாங்களில்லை மாமா" என்று என்னிடம் வந்து பொரிந்தான். மூன்று கிழமை இப்படி. நான் ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

நாலாம் கிழமை ஷெறின் வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"தாத்தா, உங்களுக்கு எங்கட குடும்பத்தில ஆருக்கு ஆர் எண்டு எல்லாம் தெரியும். ஆர் எந்த வருஷம் ஞானமுழுக்கு வாங்கினது எண்டுகூடச் சொல்லுவீங்கள். இது மட்டும் எப்பிடித் தெரியாமல் போச்சு?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடியவில்லை. றொசானைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேரையும் இருத்திச் சொன்னேன்.

எண்பத்தொன்பதில் கத்தரின் ஒரு வழக்கறிஞரை வீட்டுக்கு வரவழைத்தார். தத்தெடுக்கும் கடுதாசி எழுத. பத்திநாதர் பேனையைக் கையில் எடுத்துவிட்டார். அதற்கு முன்னமே மொன்றியலுக்கு வந்திருந்த நானும் தாய்மாமன் என்று அங்கே போய் நின்றேன். "தம்பியின்ர பிள்ளையை ஆரும் தத்தெடுக்கிறதோ? அவன் உங்கட பிள்ளைதானே! இதில கையெழுத்து வைச்சால் என்ர தங்கச்சி ஆர்? உயிரோட இருக்கிற தாயின்ர பேரை வெட்டப் போறியளோ?" என்று சத்தம் போட்டேன். கத்தரின் அழுதார். பத்திநாதர் பேனையை மூடி வைத்தார். அதன்பின் அந்த வீட்டில் அந்தக் கதையே எடுபடவில்லை. தங்கச்சி தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையை அவள் திரும்பக் காணவில்லை.

சொல்லி முடித்ததும் றொசான் எழுந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினான்.

"இப்ப எழுதேலாதோ?" என்று ஷெறின் கேட்டாள்.

"ஆர் எழுதிறது? செத்த ஆக்களோ?" என்றான் அவன்.

"றொசான், புஷ்பவதியின்ர பேர்..."

"மாமா, இப்ப எண்டால் வெட்டச் சொல்லுவன்."

அந்தச் சொல்லை என் தங்கச்சி கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நான் கேட்டேன்.

"மூண்டு கிழமை" என்றான். "மூண்டு கிழமை அந்த யன்னலுகளில நிண்டனான். நீங்கள் எனக்குத் தேத்தண்ணி தந்து கொண்டிருந்தனீங்கள்."

கதவைச் சாத்தாமல் போனான். ஷெறின் திரும்பி வந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் போட்டி வந்தது. ஷெறின் அதற்குத் தொண்டு வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வளைவுகளில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் கறுப்புக் கட்டைகள் ஓட்டத்தில் சிதறினால் ஓடிப் போய் அடுக்குகிற வேலை. வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கீறிய ஐஸில் ஊற்றி ஆற்றுகிற வேலையும் அவர்களுக்குத்தான். ஜெயமதி எனக்கும் ஒரு டிக்கற் தந்தாள். றொசானுக்குப் பக்கத்துக் கதிரை. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கதிரையில் கிடந்த தன் ஜக்கற்றை எடுத்து மடியில் வைத்தான்.

ஐந்நூறு மீற்றர். பச்சை உடுப்பில் அயர்லாந்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்க இடம் இருந்ததாம். கடவுச்சீட்டு உள்ள ஆள் கிடைக்கவில்லையாம். பின்னால் இருந்த யாரோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பச்சைப் பிள்ளை விழாமல் ஓடி, கடைசியாக வந்தாள். பலகையில் நேரம் விழுந்தது: நாற்பத்தேழு செக்கனும் கொஞ்சமும்.

றொசான் எழுந்துவிட்டான். "ஷெறினுக்கு நாற்பத்தாறு எட்டு" என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியாது. பிறகு நேரே என் முகத்தைப் பார்த்தான்.

"அண்டைக்கு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம், மாமா."

"ஓம்" என்றேன். அன்று வாயைப் பொத்தியிருக்க வேண்டும், பிறகு திறந்திருக்க வேண்டும். இரண்டையும் மாறிச் செய்திருக்கிறேன்.

அவன் திரும்ப இருந்தான். கீழே ஷெறின் தலைக்கவசத்தோடு வளைவுக்கு வந்து, சிதறிக் கிடந்த கட்டைகளைக் காலால் தள்ளி ஒவ்வொன்றாக இடத்தில் வைத்தாள். பச்சைப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு அவளைக் கடந்து போனாள். ஷெறின் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கி, அந்தப் பிள்ளையின் கத்தி கீறிய இடத்தில் தண்ணீரை ஊற்றினாள். அடுத்த ஓட்டத்துக்கு ஐந்து பேர் வந்து நின்றார்கள்.