ஆளில்லாத கரையைத் தேடிப்போன நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, டென்மார்க்கில் குளிர்கால விடுமுறை விடுகிற பெப்ரவரி மாதத்தில் நடந்தது இது. நடந்த இடம் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு.

நான் டென்மார்க்கில் வைலே என்ற ஊரில் வசிக்கிறேன். பொருட்களை ஏற்றி இறக்குகிற ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்ததற்காக, வெயில் உள்ள ஓர் இடத்தில் ஒரு கிழமையாவது இருக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். கப்பல் சுற்றுலா ஒன்றில் பதிவு செய்தோம். என் மச்சானும், அதாவது மனைவியின் ஒரே தம்பியும், அவன் மனைவியும் எங்களோடு வந்தார்கள். அவர்கள் ஒடென்சேயில் இருக்கிறார்கள். அவன் அங்கே நகர பஸ் ஓட்டுகிறான்.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் டென்மார்க்குக்கு வந்தபோது விமான நிலையத்தில் போய்க் கூட்டி வந்தது நான். டேனிஷ் வகுப்பில் சேர்த்தது, கார் ஓட்டப் பழக்கியது, முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது எல்லாம் நான்தான். பன்னிரண்டு வருடமாக நான் எதைச் சொன்னாலும் "ஓம் அத்தான்" என்பான். அவன் என்னிடம் மறுத்துப் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் நீந்தப் பழகியதே நாற்பத்தைந்து வயதில்தான். நகரசபை நீச்சல் மண்டபத்தில், டேனிஷ் பாட்டிமார் சிலரோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகினேன். பிறகு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாங்கி, கோடையில் இங்குள்ள கடலில் முகம் குப்புற மிதந்து பார்த்தேன். நண்டும் பாசியும்தான் தெரிந்தன. அப்படிப்பட்டவனுக்குக் கரீபியன் கடல் கிடைத்தால் விடுவானா? பயணத்துக்கு முன்பு மாதக்கணக்கில் வேலை முடிந்து வந்து வீடியோக்கள் பார்த்தேன். எந்தத் தீவில் என்ன மீன், எங்கே ஆமை வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மூன்றாவது தீவில் கப்பல் ஒரு பகல் நின்றது. பயணிகளுக்கென்று அங்கே ஒரு கடற்கரை இருந்தது. நீந்தும் எல்லைக்குக் கயிறு கட்டியிருப்பார்கள், உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள், மிதவைச் சட்டை கொடுப்பார்கள். படத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் தலை. இவ்வளவு தூரம் வந்து சனக்கூட்டத்துக்குள் நிற்பதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வரைபடத்தில் தீவின் மறுபக்கம் ஒரு சின்ன வளைவு தெரிந்தது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் பச்சை நிறத் தண்ணீர், ஓர் ஆள் இல்லை. அங்கேதான் போவது என்று காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தேன்.

"எல்லாரும் போற இடத்துக்கே போவமேப்பா. அங்க காவலுக்கு ஆக்கள் நிக்கினம்" என்றாள் மனைவி.

"அங்க போனா சனத்தின்ர காலைத்தான் பாக்கலாம். மீனைப் பாக்கேலாது."

மச்சான் கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "கப்பல்ல ரெண்டு மிதவைச் சட்டை கேட்டு எடுப்பமே அத்தான்?"

"அது சின்னப் பிள்ளையளுக்கடா. நான் பக்கத்தில நிக்கிறன்தானே."

"ஓம் அத்தான்."

அவன் ஊரில் கிணற்றில் குளித்து வளர்ந்தவன். என்னோடு நான்கைந்து தடவை நீச்சல் மண்டபத்துக்கு வந்திருக்கிறான். தட்டுத்தடுமாறி ஒரு நீளம் நீந்துவான், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஒரு வாடகை வேன் பிடித்தோம். நான் முன்னால் ஏறினேன். மச்சான் பின்னால் நின்று பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க உள்ளூர்க்காரர். நான் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். காலையில் அது நல்ல இடம்தான், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு பாறை இடைவெளியால் தண்ணீர் வெளியே இழுக்கும், நீந்தத் தெரியாதவர்களை அங்கே இறக்காதே என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் டேனிஷ் எல்லோருக்கும் தெரியும், ஆங்கிலம் எனக்குத்தான் ஓடும். அதிலும் அவர் பேசிய வேகத்தில் பின்னால் இருந்த பெண்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"நல்ல இடமாம். சனமில்லாத இடமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனைவி அந்த இடத்திலேயே வேனைத் திருப்பச் சொல்லுவாள். மணி அப்போது பதினொன்று. ஒரு மணிக்குள் கரையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னுடைய இடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

இடம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. பெண்கள் இருவரும் பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு மரநிழலில் துணி விரித்து உட்கார்ந்தார்கள். நானும் மச்சானும் பாறையைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கினோம். முகத்தைத் தாழ்த்தியதுமே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். முதலில் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சான் கொஞ்ச நேரத்தில் கையை விட்டான். தலையைத் தூக்கி, வாயிலிருந்த குழாயைக் கழற்றிக் கத்தினான்.

"அத்தான், ஆமை! அங்க பாருங்கோ, ஆமை!"

முப்பத்தெட்டு வயது ஆள் குழந்தை மாதிரிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஆமைக்குப் பின்னாலேயே போனோம். அது மெல்ல மெல்ல வெளிப்பக்கமாகப் போனது. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்று இருபது. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன்.

திரும்பியபோது கரை எங்கேயோ இருந்தது. காலை அடிக்கிறேன், நகரவில்லை. கீழே தெரிந்த பாறைகள் என்னைத் தாண்டிக் கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் விளங்கியது, தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே எடுத்துக்கொண்டு போகிறது. மச்சானின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைப் பிய்த்து எறிந்தான். "அத்தான்" என்று கூப்பிட்டபடி பின்பக்கமாக என் கழுத்தைக் கட்டிப் பிடித்தான்.

இரண்டு பேரும் தாழ்ந்தோம். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். ஒரு தடவை மேலே வந்து மூச்சு எடுத்தேன். அவன் பிடி விடவில்லை, மறுபடியும் தாழ்ந்தோம். தண்ணீருக்குள் நான் உடம்பை முறுக்கித் திரும்பி, காலை அவன் நெஞ்சில் வைத்து உதைத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது உதையில் அவன் கை விட்டது.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

பக்கவாட்டில் நீந்தி ஒரு பாறையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தேன். கொஞ்சத் தூரத்தில் அவன் தலை தெரிந்தது, மறைந்தது, கை மட்டும் தெரிந்தது. நான் போகவில்லை. பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

பாறைக்கு அப்பால் மீன்கூடுகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவருக்கு அது கேட்டது. சின்ன இயந்திரப் படகு. நேராக வந்து, மச்சானைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார். குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினார். அவன் வாந்தி எடுத்து, இருமி, பிறகு மூச்சுவிட்டான். அதன் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். நான் படகில் ஏறியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த நேரத்தில் இங்கே இறங்கக்கூடாதென்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதுவும் பொய்.

கரையில் பெண்கள் இருவரும் ஓடி வந்தார்கள். பாறை மறைத்ததால் அவர்கள் எதையும் பார்த்திருக்கவில்லை. மனைவி தம்பியின் தலையைத் துடைத்துக்கொண்டே என்ன நடந்தது என்று அழுதாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் மச்சான் சொன்னான்.

"தண்ணி இழுத்துப் போட்டுது அக்கா. அத்தான்தான் படகு வருமட்டும் என்னைப் பிடிச்சு வைச்சிருந்தவர்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சானின் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணை, நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்றாள். அந்தக் கைகளை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவன் நெஞ்சில் நீலம் பாரித்திருந்தது. பாறையில் அடிபட்டது என்று அவளிடம் சொன்னான்.

டென்மார்க்குக்குத் திரும்பி வந்தோம். கதை எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஒடென்சேயில் ஒரு பிறந்தநாள் விழாவில் மச்சானின் மனைவி எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னாள். ஒருவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. இருந்தும் வெளியே போய், சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றவர்களோடு சேர்ந்து அரை மணி நேரம் பனிக்குள் நின்றேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஒடென்சேக்குப் போனேன். அவன் ஓட்டுகிற பஸ் எதுவென்று எனக்குத் தெரியும். ஏறினேன். "என்ன அத்தான், திடீரெண்டு?" என்று சிரித்தான். கடைசித் தரிப்பு வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

"இடைவேளை பத்து நிமிசம் இருக்கு அத்தான்" என்று சொல்லித் தேநீர்ப் போத்தலைத் திறந்தான். அவன் கொடுத்ததை நான் வாங்கவில்லை. தண்ணீருக்குள் அவனை உதைத்ததைச் சொன்னேன். திரும்பி வராமல் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன்.

"தெரியும்தானே. நெஞ்சு நொந்தது எனக்கெல்லோ" என்றான்.

"பிறகு ஏன்ரா அப்பிடிச் சொன்னனி?"

"வேற என்னத்தைச் சொல்ல? அக்கா உங்களோட இருக்க வேணுமே." தேநீரை ஒரு மிடறு குடித்தான். "பயத்தில செய்தது அத்தான் அது. நான் உங்கட கழுத்தைப் பிடிச்சதும் பயத்திலதான். விடுங்கோ."

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. வேன் டிரைவர் எச்சரித்ததையும், அதை நான் மறைத்ததையும் சொன்னேன்.

அவன் கை அப்படியே நின்றது.

"இது எனக்குத் தெரியாது" என்றான். பிறகு, "அதை நீங்கள் யோசிச்செல்லோ செய்திருக்கிறீங்கள்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. மணியைப் பார்த்தான், தேநீரை மூடினான், கதவைத் திறந்தான். தரிப்பில் நின்ற ஒரு டேனிஷ் பெண் தள்ளுவண்டியோடு ஏறினார். அவருக்கு "ஹை" சொல்லிவிட்டு பஸ்ஸை எடுத்தான். ரயில் நிலையத்தில் நான் இறங்கினேன்.

அன்று மாலையே மனைவியிடமும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் என்னவாமெண்டு கேட்டனான்தானே?" அவ்வளவுதான். தம்பிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் என்னோடு வாழ்ந்திருக்க மாட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மச்சான் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறான். கோபம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் கார் டயர் மாற்றுவதற்குக்கூட என்னைக் கேட்பான். போன மாதம் ஒடென்சேயில் வீடு வாங்கினான். கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகு, என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன், நல்ல வீடு. என்னைவிட யோசித்துத்தான் வாங்கியிருக்கிறான்.

அவன் உயிரோடு இருப்பது அந்த மீனவர் எங்களுக்குத் தந்த கொடை. ஆனால் பன்னிரண்டு வருடம் என்னைக் கேள்வி கேட்காமல் நம்பிய ஒருவனை, நான்கு சொல்லில் சொல்லியிருக்கக்கூடிய ஓர் உண்மையை மறைத்து நானே இழந்தேன் என்பதை, அவன் என் வீட்டு மேசையில் சிரித்தபடி உட்கார்ந்து சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.