தறி நின்ற நாள்

ஆன்லைனில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பேச்சு வகுப்பில் வாய் திறக்காதவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இளம்பிள்ளையிலிருந்து சேர்ந்த கவிதா அப்படித்தான். கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது, திரையில் பெயர் மட்டும் இருக்கும். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு எல்லோர் முன்னாலும், "பேச இஷ்டமில்லைன்னா எதுக்கும்மா வர்றீங்க? நாளையிலிருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெயர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதிலும் இல்லை.

மூன்றாம் நாள் வகுப்பைத் தொடங்கியதுமே ஒரு புதுக் குரல் கேட்டது.

"மேடம், கவிதா பேசறனுங்க. இன்னைக்கு எங்க ஊர்ல கரண்ட் இல்லீங்க. ஊட்டுல நாலு தறியும் நின்னுருச்சு. அதான் மைக்கைப் போட்டனுங்க."

"இத்தனை நாளா ஏம்மா மைக்கைப் போடல?"

"தறி ஓடறப்ப மைக்கைப் போட்டா வகுப்புல யாருக்கும் ஒண்ணும் கேக்காதுங்க. நீங்க கேட்டதுக்கெல்லாம் மைக்கை ஆப் பண்ணிட்டு சத்தமா பதில் சொல்லிட்டுத்தான் இருந்தனுங்க."

ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல், கணீரென்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் நாளிதழில் மின்தடை அறிவிப்பைப் பார்த்தால் இளம்பிள்ளையைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த ஊர்ப் பெயர் இருந்தால், அன்றைய வகுப்பில் முதலில் பேசுவது கவிதாதான்.